பிள்ளைத்தாச்சி நாற்காலி

என் ஓரகத்திக்குப் பேச வராது, வேலை செய்ய வரும். எனக்கு நேர் எதிர். நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிறேன். வாய் இல்லாதவள் அந்த மேசையில் ஒரு வாரம் தாங்க மாட்டாள். அவளுக்கு ஷூ பட்டறையில் ஒட்டு வேலை. நான் மூத்த மருமகள், அவள் இளைய மருமகள். மாடியில் நாங்கள், கீழே அவர்கள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், எனக்கும் அப்படித்தான். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் மோட்டார், மாடிப்படி பெருக்குவது, கொடியில் யார் துணி முதலில் காய்வது என்று எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. கத்துவது நான். அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். கடைசியில் பார்த்தால் மோட்டாரை அவள்தான் முதலில் போட்டிருப்பாள்.

அவளுடைய அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாதவர். ஒரே ஒரு தம்பி. அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டுத்தான் பட்டறைக்கு ஓடுவாளாம். கல்யாணப் பேச்சு வந்தபோது, "தம்பி படிப்பு முடியட்டும்" என்று எங்கள் வீட்டாரையே காக்க வைத்தவள். என் மாமியார் இருந்தவரை அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. பிறந்த வீடு என்றால் அவளுக்கு அந்தத் தம்பி ஒருவன்தான். அவனுக்குக் கல்யாணமானதும் அவன் மனைவிக்கும் அதே பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் ரோஷக்காரி. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், அந்த வாரம் முழுக்க அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். நல்ல பெண்தான். முகத்துக்கு நேரே ஒரு சொல் தாங்காது, அவ்வளவுதான்.

பட்டறைக்குள் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நீளமான ஒரே அறை. நடுவில் தகரம் அடித்த மேசை, இரண்டு பக்கமும் முக்காலிகள். ஷூவின் மேல் பாகம் அப்பர், அடிப்பாகம் சோல். இரண்டையும் ஒட்டும் பசைக்குச் சொல்யூஷன் என்று பெயர். பிரஷ்ஷால் தடவியதும் ஒட்டிவிடக் கூடாது, கொஞ்சம் உலர விட வேண்டும். பதம் வந்துவிட்டதா என்று மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். சின்னவள் சோலை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கி மோந்து பார்ப்பாள். "வாசம் அடங்கிடுச்சு, ஒட்டு" என்பாள். அவள் ஒட்டியது பிரிந்ததாக ஒரு ஷூவும் திரும்பி வந்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைச் சூப்பர்வைசர் அவளிடம்தான் அனுப்புவார். அவளைப் பார்த்து அவர்களும் மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

மாசமாக இருப்பவர்களுக்கு அந்த அறையில் ஒரு தனி இடம் உண்டு. எப்போதோ ஒருத்தி மசக்கையில் மயங்கி மேசையிலேயே சரிந்துவிட்டாள். பெண்கள் எல்லோரும் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்களாம். பயந்துபோன சூப்பர்வைசர், ஆபீஸில் இருந்த முதுகு சாயும் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, கோடிச் சுவரில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அடியில் போட்டார். முன்னால் ஒரு குட்டி மேசை. காற்று நன்றாக வரும், முதுகுக்குச் சாய்மானம், மேலே வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளை வைத்துத் தைத்த மெத்தை. அதுதான் பிள்ளைத்தாச்சி நாற்காலி. யாருக்கு நாள் தள்ளிப்போனாலும், புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த நாற்காலிக்குத் தெரிந்துவிடும். அதில் உட்கார்ந்து பெற்ற பிள்ளைகளுக்கு ஃபேன் பிள்ளைகள் என்று பட்டப்பெயர். "ஃபேன் புள்ள, அதான் ஒரு இடத்துல நிக்காம சுத்துது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். முதலாளி கொடுத்த சலுகை இல்லை அது, அவர்களாக எழுந்து நின்று வாங்கியது. அந்தப் பெருமை அவர்கள் எல்லோருக்கும் இருந்தது.

சின்னவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மசக்கை ஊரில் இல்லாத மசக்கை. சோறு வெந்தால் குமட்டும், சோப்பு வாசனை குமட்டும், புருஷன் பக்கத்தில் வந்தால் குமட்டும். சொல்யூஷன் வாசனை மட்டும் ஒத்துக்கொண்டது. "எல்லாருக்கும் புளிப்பு கேக்கும், உனக்குப் பசை கேக்குது. பொறக்கறது ஒட்டிக்கிட்டே இருக்கும் பாரு" என்று நானே கேலி செய்தேன். லீவு போடச் சொன்னால், "அங்க போனாத்தான்க்கா வாந்தி நிக்குது" என்பாள். வலி எடுத்த அன்று காலை வரைக்கும் போனாள்.

பிறந்தது பெண். வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். நான் சொன்னது பலித்து, ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. வாண்டு பாதி நேரம் மாடியில்தான் இருப்பாள். என் டோக்கன் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு பொம்மைகளை வரிசையில் உட்கார வைப்பாள். "வாயைத் தொறங்க சார், ஐயே, ஒரே நாத்தம்" என்பாள். அவளுக்கு நாலு வயது இருக்கும்போது முகம் வெளுக்க ஆரம்பித்தது. காலில் அங்கங்கே கன்றிப்போய் நீலம் நீலமாக இருந்தது. எங்கேயோ விழுகிறது என்று நினைத்தோம். பிறகு காய்ச்சல் வந்து போகாமல் நின்றது. ரத்தம் எடுத்தார்கள், இன்னொரு இடத்தில் எடுத்தார்கள், இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அழுதது நான்தான். என் கொழுந்தன் சரக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான். சின்னவள் அழவில்லை. மருந்துக் கடையில் நின்றாள், மருந்து வாங்கினாள், குழந்தை வாந்தி எடுத்த வாளியைக் கழுவினாள், முடி கொட்டிய தலையணை உறையை வெளியே கொண்டுபோய் உதறினாள். பேசினால் பதில் வரும். ஆனால் அந்தப் பதில் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள், பார்த்தால் தட்டு அப்படியே இருக்கும். பொய் சொல்கிறாள் என்று முதலில் கோபப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, சாப்பிட்டோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நாளில் எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. டோக்கன் கொடுக்கும்போது நம்பரைச் சொல்லிவிட்டு, என்ன நம்பர் சொன்னேன் என்று நானே திரும்பிக் கேட்பேன்.

பட்டறை வேலையை அவள் விட்டுவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் தம்பி மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே சின்னவள் சூப்பர்வைசருக்கு போன் போட்டாள். "சார், என் தம்பி வொய்ஃபு மாசமா இருக்கா. நம்ம நாற்காலிய அவளுக்குக் குடுத்துடுங்க. வேற யாரையும் உக்கார வெச்சுடாதீங்க சார்." அந்த நாட்களில் அவள் குரல் கொஞ்சம் உயிரோடு இருந்தது அந்த ஒரு போனில்தான்.

சிகிச்சை ஆரம்பித்து இரண்டாவது மாதம், வார்டுக்குப் புது டாக்டர் அம்மா ஒருவர் வந்தார். சின்ன வயசு, நிதானமாகப் பேசுகிறவர். ஒவ்வொரு தாயையும் உட்கார வைத்து, கர்ப்ப காலம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர்கள் என்றால் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்ற நினைப்பில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"மாசமா இருந்தப்போ வேலைக்குப் போனீங்களாம்மா? என்ன வேலை?"

சின்னவள் சொன்னாள்.

"பசை வாசனை ரொம்ப வருமோ?"

"வரும் டாக்டர். ஆனா எனக்கு நல்ல இடம் குடுத்திருந்தாங்க. ஃபேனுக்குப் பக்கத்துல. காத்தோட்டமா இருக்கும். மாசமா இருக்கறவங்களுக்குன்னே ஒதுக்கின இடம்."

அதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அந்த ஃபேன் காத்தை உள்ள விடுதா, வெளிய இழுக்குதாம்மா?"

நான் அந்த ஃபேனை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஃபேனுக்குக் கீழே சுவர் முழுக்க மஞ்சளாகப் பிசுக்கு வழிந்திருக்கும். அந்தப் பக்கம் யாரும் சைக்கிள்கூட நிறுத்த மாட்டார்கள். அறையில் உள்ள எல்லா டப்பாவின் ஆவியும் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போகும். போகிற வழியில், முதுகு சாய்த்து, மெத்தை போட்டு, மாசமாக இருப்பவளை உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் சொல்றதைப் பொறுமையா கேளுங்க. இதனாலதான் குழந்தைக்கு வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. அந்த மாதிரிப் பசைங்க சிலதுல இருக்கற கெமிக்கல் தாயோட ரத்தத்துல கலந்து, வயித்துல இருக்கற குழந்தைக்கும் போகும். பின்னாடி ரத்தப் புற்றுநோய் வர வாய்ப்பை அது கொஞ்சம் கூட்டலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. கொஞ்சம்தான். அங்க உக்காந்தவங்களோட குழந்தைங்கள்ல பெரும்பாலும் எல்லாரும் நல்லாதான் இருப்பாங்க. நீங்க தெரிஞ்சு எதுவும் செய்யலை." பிறகு கேட்டார், "இப்ப அங்க யாராவது மாசமா வேலை பாக்கறாங்களா? இருந்தா அந்த ரூமை விட்டே மாறச் சொல்லணும்."

"யாரும் இல்ல டாக்டர்" என்றாள் சின்னவள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன காரணமோ, ஊர் வாயை எல்லாம் அடக்கும் என் வாய் அங்கே திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "ஏண்டி யாரும் இல்லைன்னு சொன்னே?"

"தெரியலக்கா."

"உன் தம்பி பொண்டாட்டி அங்கதானே உக்காந்திருக்கா?"

"ஆமா."

"நீதானே வாங்கிக் குடுத்தே?"

இதை நான் கேட்டிருக்க வேண்டாம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது நான்தான் தோளைத் தட்டி எழுப்பினேன்.

மறுநாள் காலை வாண்டுவை என்னிடம் விட்டுவிட்டு அவள் பட்டறைக்குப் போனாள். எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவள் தம்பி வந்தான். வழக்கமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து வாண்டுவைத் தூக்குகிறவன், அன்று கேட்டைத் தாண்டி வரவில்லை. முகம் சிவந்திருந்தது. சின்னவள் இன்னும் வீடு திரும்பவில்லை.

"அக்கா எங்க?" என்றான் என்னிடம்.

"இன்னும் வரலப்பா. உள்ள வா."

"உள்ள எல்லாம் வரதுக்கில்ல. அவங்க என்ன பண்ணிட்டு வந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? என் பொண்டாட்டி பாட்டுக்கு உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்தா. இவங்க போயி, அத்தனை பேர் முன்னாடியும், 'எழுந்திரு, இது என் இடம்'னு சொல்லியிருக்காங்க. இவ வெளாட்டுன்னு நெனச்சு சிரிச்சிருக்கா. 'சிரிக்காதே. நான் வாங்கிக் குடுத்த வேலை, நான் வாங்கிக் குடுத்த நாற்காலி. எழுந்திரு'ன்னு கையைப் புடிச்சு எழுப்பியிருக்காங்க. மாசமா இருக்கறவளை! எழுப்பிட்டு அவங்க உக்காந்துக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா, எனக்கு இடுப்பு வலி, காத்து வேணும்னாங்களாம். இவ அழுதுக்கிட்டே பின்கட்டுல பெட்டி மடிக்கற ரூமுக்குப் போயிட்டா. அவங்க மூச்சுக் காத்து படற எடத்துல இனிமே கால் வைக்க மாட்டேங்கறா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லத்தானே போனாள்?

"குழந்தைக்கு முடியலன்னு நானும் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றான் அவன். குரல் உடைந்துவிட்டது. "அதுக்காக? என்னை வளத்தாங்க, இல்லைங்கல. அதுக்கு என் பொண்டாட்டி கடனாளியா? சொல்லிடுங்க. இனிமே எங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

அவன் போய் வெகுநேரம் கழித்துச் சின்னவள் வந்தாள். கை கழுவினாள், வாண்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மருந்து கலந்தாள். நான் பின்னாலேயே போய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. உனக்குப் பைத்தியமா, வாய் இருக்கா இல்லையா, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னா என்ன, என்றெல்லாம் கத்தியிருப்பேன். மருந்தைக் குடிக்க வைத்து, குழந்தையின் வாயைத் துடைத்த பிறகுதான் திரும்பினாள்.

"அவளை எனக்குத் தெரியும்க்கா. விஷயத்தைச் சொன்னா பயந்துக்கிட்டு ஒரு இடம் தள்ளி உக்காருவா. அதே ரூம்லதான் இருப்பா. அவமானப்படுத்தினா ரூமையே விட்டுப் போயிடுவா. போயிட்டா."

"கூப்பிட்டு வெச்சு ஒழுங்கா எடுத்துச் சொல்லி ரூமை மாத்த முடியாதா?"

"மாத்தலாம். அவளை எழுப்பலாம். ஏற்கெனவே உக்காந்துட்ட மாசத்தை எழுப்ப முடியுமா?" குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? மிச்ச மாசம் பூரா பயந்துக்கிட்டே சுமப்பா. பொறந்தப்பறம் தினம் காலைப் பாப்பா, கையைப் பாப்பா. லேசா காய்ச்சல் வந்தா செத்துப் பொழைப்பா. இப்ப கோவமா இருக்கா. கோவத்தோட சுமக்கட்டும்க்கா. கோவம் புள்ளைய ஒண்ணும் பண்ணாது."

"உன் தம்பி இனிமே வரமாட்டான்டி."

"தெரியும்" என்றாள். மருந்துக் குப்பியின் மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தாள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றைக்கும் இல்லை. பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் பிள்ளையைச் சுமப்பவள். அந்த முடிவை இவள் எப்படித் தன் பையில் போட்டுப் பூட்டி வைக்கலாம்? அப்புறம் மற்ற பெண்கள்? ஃபேன் பிள்ளைகளின் அம்மாக்கள்? அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இதையெல்லாம் அவளிடம் ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டிருக்கிறேன். "நீ போய்ச் சொல்லுக்கா" என்பாள், வம்புக்கு இல்லாமல், உண்மையாகவே. ஒருநாள் கிளம்பினேன். பட்டறை வாசலில் வேலை விட்டு வெளியே வந்தவர்களில் ஒருத்தி, தன் ஃபேன் பிள்ளையை இடுப்பில் தூக்கி, அது ஏதோ செய்ததைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சின்னவள் சும்மாவும் இருந்துவிடவில்லை. சூப்பர்வைசரைத் தனியாகப் பார்த்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. வேர்த்துப்போய் முதலாளியிடம் ஓடினார். ஆவி அதிகமாக இருக்கிறது என்று சொன்னதும் முதலாளி தாராளமாக இன்னும் பெரிய ஃபேன் ஒன்றை வாங்கிப் பழைய ஃபேன் இருந்த இடத்திலேயே மாட்டிக் கொடுத்தார். அதனால் நாற்காலிக்கு முன்பைவிட நல்ல காற்று. ஏதாவது சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

ஆகவே அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாண்டுவை நானும் கொழுந்தனும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள, அவள் மறுபடி பட்டறையில் சேர்ந்து அரைநாள் வேலைக்குப் போனாள். அவளுக்கு இனிமேல் பிள்ளை கிடையாது, ஆபரேஷன் செய்துகொண்டவள். "நான் உக்காந்திருக்கற வரைக்கும் வேற யாரும் அதுல உக்கார முடியாதுல்ல" என்றாள். நடுவில் இன்னொருத்திக்கு நாள் தள்ளிப்போய், வந்து கேட்டிருக்கிறாள். தரமாட்டேன் என்றாளாம். சூப்பர்வைசரிடம் கண்ணைக் காட்ட, அவர் அந்தப் பெண்ணையும் பெட்டி மடிக்கும் அறைக்கு அனுப்பினார். ஒட்டு அறையில் சின்னவளோடு யாரும் பேசுவதில்லை. டீ வந்தால் அவள் டம்ளரை மேசைக் கோடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெற்ற பிள்ளை படுத்துக்கிடக்கும்போதும் ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே, என்ன ஜென்மம் என்று அவள் காதுபடவே சொல்வார்களாம். அவள் காதில் விழாது. சோலை மூக்கருகே கொண்டுபோவதை மட்டும் விட்டுவிட்டாள். விரலால் தொட்டுப் பார்க்கிறாள். இப்போது சிலது பிரிந்து திரும்பி வருகிறது.

தம்பிக்குப் பையன் பிறந்தான். எங்கள் வீட்டுக்குச் செய்தி பக்கத்து வீட்டுக்காரர் மூலம் வந்தது. கொழுந்தனுக்குக் கோபம். சின்னவள் கேட்டது ஒன்றுதான். "அழுதானாமா?" அழுதானாம், ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதானாம் என்றேன். அவளை யாரும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால் கீழே வரச் சொன்னாள்.

"குளிப்பாட்டற நேரமா பாத்துப் போக்கா. துணி இல்லாம இருக்கும்போது முழுசா பாரு. உதடு வெளுத்திருக்கான்னு பாரு. கால், தொடை, முதுகு. எங்கயாவது கன்னியிருக்கான்னு பாரு."

"இப்பவேயாடி? வந்தாலும் வருஷம் கழிச்சுத்தான் வரும்னு..."

"பாருக்கா."

போனேன். வெந்நீர் ஊற்றி முடித்து, பெரிய துண்டில் கிடத்தியிருந்தார்கள். நல்ல கொழுகொழு பையன். ரோஷக்காரி முகம் பூரித்துக் கிடந்தது. தம்பி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து வாங்கக்கா என்றான். தன் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாண்டு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டான். மருந்துக்குக் கட்டுப்படுகிறது, இன்னும் நாளாகும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் குழந்தையின் காலைத் தூக்கிப் பார்த்தேன். தொடை மடிப்பை விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கை, அக்குள், உதடு. பிறகு புரட்டினேன்.

"என்னக்கா தேடறீங்க?" என்றாள் ரோஷக்காரி.

கேட்டுவிட்டாள். இத்தனை நாளாகச் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வேண்டும் என்று கீழ்வீட்டு அடுப்பங்கரையில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, இதோ வாசலைத் திறந்து வைத்துக் கேட்கிறாள். அவள் கை பிள்ளையின் தலைக்கு அடியில் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சம் இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.

"இருக்கே! முதுகுல பாருங்க, இடது பக்கம். அவங்கப்பாவுக்கு இருக்கற மாதிரியே." குனிந்து அந்த இடத்தில் முத்தம் கொடுத்தாள். பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "அண்ணிக்கு நாற்காலி ஒண்ணு இருந்தா போதும்போல. மருமகன் வேண்டாம். பரவால்ல, நல்லா இருக்கட்டும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். புதிதாக முளைக்கும் முடி தலையணையில் உரசியபடி இருந்தது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல. உதடு நல்லா செவப்பா இருக்கு."

"முதுகு?"

"முதுகுல ஒரு மச்சம். இடது பக்கம். அவ்வளவுதான்."

சின்னவள் கையைப் பின்னால் வளைத்து, ரவிக்கைக்கு மேலே தன் முதுகில் ஓர் இடத்தைத் தொட்டாள். "இங்கயா?"

"ஆமா. அங்கதான்."

"எனக்கும் இருக்கு" என்றாள். "எங்கம்மாவுக்கும் இருந்துச்சு."

கையை அங்கிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதத்தில் இப்போதாவது அழுவாள் என்று பார்த்தேன். அழுதால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் கையை எடுத்து, வாண்டு மேல் கிடந்த போர்வையைச் சரி செய்தாள்.

"அடுத்த வாரமும் போயிட்டு வாக்கா" என்றாள். "காலை மறுபடியும் பாரு."